பாக்குவெட்டி இத்தாலிக்குப் போன விவரம்

ஓசூர்,
5.9.99, ஞாயிற்றுக்கிழமை

அஞ்செட்டியில் இருக்கும் தம்பி கரியப்பனுக்கு, உன் கூடப்பிறந்த அக்காள் சென்னம்மா தன் கையாலேயே எழுதுவது. இங்கே எல்லோரும் மூச்சு விட்டுக்கொண்டு இருக்கிறோம். அங்கேயும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். வேறு மாதிரி இருந்தால் இந்நேரம் ஒரு ஆள் பஸ் ஏறி வந்து சொல்லியிருப்பான். உன் பெண்டாட்டியின் முழங்காலுக்கு எருக்கிலையைச் சூடு காட்டிக் கட்டச் சொன்னேனே, கட்டினாளா? கட்டியிருக்க மாட்டாள். நான் சொல்லி அவள் எதைச் செய்தாள்? என் எழுத்து கோழி கிளறினதுபோல் இருக்கிறதென்று நாலு பேரைக் கூட்டிக் காட்டிச் சிரிக்காதே. அப்பன் என்னை மூன்றாம் வகுப்போடு நிறுத்தி, என் சிலேட்டைப் பிடுங்கி உன் கையில் கொடுத்தான். நீ அதை அடுத்த வாரமே சந்தைக்குப் போகிற வழியில் உடைத்தாய். நான் மறக்கவில்லை.

இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். ஒன்று, என் பேரன் கங்கப்பனுக்கு உன் மகன் வயிற்றுப் பேத்தி சாந்தம்மாவைக் கொடுப்பதைப் பற்றியது. இன்னொன்று நம் அம்மாவின் பாக்குவெட்டியைப் பற்றியது. இரண்டாவதைக் கடைசியில் சொல்கிறேன், ஏனென்றால் அதை முதலில் சொன்னால் நீ மீதியைப் படிக்க மாட்டாய்.

பங்குனியில் தேன்கனிக்கோட்டைக் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்து நீ என்ன சொன்னாய், உனக்கு ஞாபகம் இருக்காது, எனக்கு இருக்கிறது. அப்போதுதான் உன் இலையில் இரண்டாவது தடவை பாயசம் ஊற்றினார்கள். "பையன் மெஷின்ல வேலை செய்யறான், சரி. ஆனா இந்தக் காலத்துல ஃபாரின் போய்ட்டு வந்தவனுக்குத்தான் மதிப்பு அக்கா. அவன் போய்ட்டு வரட்டும். அப்புறம் பார்க்கலாம்" என்றாய். இந்தப் பார்க்கலாம் எனக்குப் புதிதில்லை. எழுபத்திரண்டாம் வருடம் தை மாதம், வியாழக்கிழமை, என் மகன் திம்மப்பனுக்கு உன் மகளைக் கேட்டு வந்தபோதும் இதையேதான் சொன்னாய். பச்சைக் கரை வேட்டி கட்டியிருந்தாய். நீ பார்த்துக்கொண்டே இருந்தாய், மாசியில் அவள் ஜவளகிரிக்காரன் வீட்டில் விளக்கேற்றிவிட்டாள்.

நீ வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டுப் பஸ் ஏறிவிட்டாய். இங்கே அந்தப் பேச்சைக் கங்கப்பன் மனதில் போட்டுக்கொண்டான். அவன் வேலை பார்க்கும் கிரானைட் கம்பெனிக்கு இத்தாலியிலிருந்து கல் அறுக்கும் பெரிய மெஷின் வருகிறது, அதைப் பொருத்த ஒரேஸ்தே என்கிற இத்தாலிக்காரன் வருகிறான், பொருத்திவிட்டுப் போகும்போது ஒரு ஃபிட்டரைத் தேர்ந்தெடுத்து ஆறு மாதம் பழக்குவதற்கு அவன் ஊருக்கே கூப்பிட்டுக்கொள்வான் என்று செய்தி. போட்டியில் இரண்டே பேர். ஒன்று நம் கங்கப்பன். இன்னொன்று பக்கத்து வீட்டு அழகர்சாமி, மதுரைப் பக்கத்து ஆள். அவன் பெண்டாட்டி பவளத்தைப் பற்றி உனக்கு முன்பே எழுதியிருக்கிறேன். மூன்று வருடத்துக்கு முன் ஆயுத பூஜைக்கு, நம் தோட்டத்துச் சாமந்தி கூடை நிறைய வாசலில் இருக்கும்போது, தெருவைத் தாண்டிப் போய் மல்லிகை வாங்கி வந்தவள்.

இத்தாலிக்காரனுக்கு இங்கிலீஷ் அரைகுறையாம். அதனால் அவன் பாஷையும் பழக்கவழக்கமும் தெரிந்தவனுக்கே அதிர்ஷ்டம் என்று மேனேஜர் நல்லுசாமி சொல்லிவிட்டார். ஓசூரில் கன்னடம் தெரியும், தெலுங்கு தெரியும், மார்வாடிக் கடையில் கேட்டுக் கேட்டு இந்தியும் கொஞ்சம் தெரியும், இத்தாலி யாருக்குத் தெரியும்? பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் மாடியில் பிரவுசிங் சென்டர் என்று ஒன்று திறந்திருக்கிறார்கள். டெலிபோன் கம்பி வழியாக உலகத்திலுள்ள எல்லா விவரமும் டிவி மாதிரி ஒரு பெட்டிக்குள் வருமாம். கங்கப்பன் அங்கே போய்ப் படிக்கப் போகிறேன் என்றான். மாடியில் இருட்டறையில் தடுப்புக்குள் உட்கார்ந்து என்ன படிப்பு என்று நானும் கூடவே போனேன்.

அதை நடத்துகிறவர் சுடலைமுத்து, திருநெல்வேலிக்காரர், ஐம்பது வயதிருக்கும். "செருப்ப வெளியில விட்டுட்டு வாங்க ஆச்சி, உள்ள ஏசி" என்றார். ஏசி ஓடவில்லை. பெட்டியைத் தட்டியதும் அது பன்றியைப் பிடித்துக் கட்டுவதுபோல் கத்தியது. நான் எழுந்துவிட்டேன். "பயப்படாதிய ஆச்சி, லைன் தேடுது" என்றார். தேடியது, தேடியது, வெற்றிலை போட்டுத் துப்பிவிட்டு வந்தேன், அப்போதும் தேடியது. பிறகு ஒரு படம் மேலிருந்து கீழே இறங்க ஆரம்பித்தது. முதலில் ஆகாயம். கால் மணி நேரம் ஆகாயம்தான். அப்புறம் ஒரு கோபுரத்தின் தலை தெரிந்தது, கரண்டு போய்விட்டது. அவ்வளவுதான் முதல் நாள் இத்தாலி. ஆகாயம் நம் ஆகாயம் மாதிரியேதான் இருந்தது.

இரண்டாம் நாளிலிருந்து பாடம். ஒரு பெண்பிள்ளை பெட்டிக்குள்ளிருந்து வார்த்தை சொல்லுவாள், இவன் திருப்பிச் சொல்ல வேண்டும். அவள் வணக்கம் சொல்ல ஆரம்பித்து 'போன்' என்பாள், லைன் நின்றுவிடும். இவன் வாயைத் திறந்தபடியே காத்திருப்பான். நான் பத்து எண்ணி முடிக்கும்போது 'ஜோர்னோ' என்பாள். கங்கப்பன் அந்த இடைவெளியையும் சேர்த்தே மனப்பாடம் செய்துவிட்டான். அவர்கள் பாஷையே அப்படித்தான், நடுவில் மூச்சு வாங்கிக்கொள்ள வேண்டும் என்று எனக்கே சொல்லித் தந்தான். போதாக்குறைக்குக் கையால் பேசுகிற பாடம் ஒன்று இருந்தது. இத்தாலிக்காரர்கள் ஐந்து விரலையும் குவித்து முகத்துக்கு நேரே ஆட்டினால் "என்ன சொல்கிறாய்?" என்று அர்த்தமாம். இவன் அதை மளிகைக்கடை நஞ்சம்மாவிடம் பழகிப் பார்த்தான். அவள் சாப்பாடு கேட்கிறான் என்று பதறிப்போய், "ஏனப்பா, இன்னூ ஊட்டா ஆகில்வா?" என்று கன்னடத்தில் கேட்டு உள்ளே இழுத்துப்போய்க் களி உருண்டையும் சாறும் போட்டுவிட்டாள். தின்றுவிட்டு வந்தான். என் பேரன் வீட்டில் பட்டினி கிடக்கிறான் என்று தெருவெல்லாம் பேச்சு.

பையனுக்கு நெஞ்சில் எதுவும் நிற்காது. அவன் தாத்தா புத்தி. எனக்கு ஒரு தடவை காதில் விழுந்தால் போதும். அந்தப் பெண்பிள்ளை சொன்ன அறுபத்திரண்டு வார்த்தையும் எனக்குத் தங்கிவிட்டது: கல், தண்ணீர், இரும்பு, மெதுவாக, நிறுத்து, நன்றி, எல்லாம். காலையில் சாமந்தி பறித்துக்கொண்டே சொல்லிப் பார்ப்பேன். கங்கப்பன் சட்டை மாட்டிக்கொண்டே, "அவ்வா, தண்ணிக்கு என்னா?" என்பான். "ஆக்குவா." "இரும்புக்கு?" "ஃபெர்ரோ. நேத்துதானேடா சொன்னேன்." அழகர்சாமி சுவருக்கு அந்தப் பக்கம் நின்று நான் சொல்வதைக் கேட்டு எழுதிக்கொண்டான் என்று பிறகு தெரிந்தது. அதையும் கணக்கில் வைத்திருக்கிறேன்.

இப்போது சண்டைக்கு வருகிறேன். ஒரு நாள் சுடலைமுத்து, இத்தாலிக்காரரிடம் செய்யக்கூடாத காரியங்கள் என்று பெட்டியில் வந்ததைக் காகிதத்தில் அடித்துக் கொடுத்தார். எங்கள் வாசலில் உட்கார்ந்து கங்கப்பனும் அழகர்சாமியும் அதைத் தமிழில் சொன்னார்கள். ரொட்டியைக் குப்புற வைக்கக்கூடாது, கத்தியைப் பரிசாகக் கொடுக்கக்கூடாது, சரி, யார் கொடுக்கப்போகிறார்கள். அடுத்தது அழகர்சாமி படித்தான்: "சாமந்திப் பூக் குடுக்கக் கூடாதாம். அது செத்தவுகளுக்குச் சமாதியில வைக்கிற பூவாம்."

"எந்தப் பூ?" என்றேன்.

"சாமந்தி, பாட்டி. இங்கன அப்படித்தேன் போட்டிருக்கு."

தம்பி, சானமாவுக் காட்டிலிருந்து யானை இறங்கி மூன்று தடவை மிதித்த தோட்டம் அது. மூன்று தடவையும் மறுபடி நட்டேன். அந்தப் பூவை விற்றுத்தான் திம்மப்பனையும் அவன் தங்கைகளையும் ஆளாக்கினேன். அதைப் பிணத்துப் பூ என்று ஒரு பெட்டி சொல்லுமாம், பவளத்தின் புருஷன் படிப்பானாம், நான் கேட்டுக்கொள்ள வேண்டுமாம். "உன் வீட்டுக்காரி சொல்லிக் குடுத்து அனுப்பினாளா?" என்று கேட்டேன். "ஐயோ பாட்டி, நான் ஏன் பொய் சொல்லப் போறேன், உங்க பேரனையே படிக்கச் சொல்லுங்க" என்றான். கங்கப்பனும் அப்படியே படித்தான். அதற்குக் கீழே இன்னொன்றும் இருந்தது: அவர்களுக்குப் பதினேழாம் தேதி ஆகாதாம். அங்கேதான் பொய் பிடிபட்டது. இத்தாலிக்காரன் பத்தாம் தேதியே வருகிறேன் என்றவனை, ஆடி மாதம் புது மெஷின் ஏற்றக்கூடாது என்று நல்லுசாமிதான் தள்ளிப்போட்டு, ஆவணி முதல் தேதி வரச் சொல்லியிருந்தார். அதுதான் ஆகஸ்ட் பதினேழு. ஆவணி ஒன்று ஆகாது என்று எந்த ஊரில் சொல்லுவார்கள்? அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை, அதைச் சொன்னாலாவது நம்பியிருப்பேன். ஆக அந்தக் காகிதம் முழுக்கப் பொய் என்று தீர்மானித்தேன். நீயே சொல், நீ இருந்தாலும் அப்படித்தானே முடிவு செய்வாய்?

ஆவணி ஒன்றாம் தேதி கம்பெனி வாசலில் மூங்கில் பந்தல், வாழை மரம், மேளம், தொழிலாளிகளின் குடும்பமெல்லாம் வந்திருந்தது. அழகர்சாமி ரோஜா மாலையோடு நின்றான். நான் என் தோட்டத்து மஞ்சள் சாமந்தியில், கை மொத்தத்துக்கு, முழங்கால் வரை தொங்குகிற மாலை கட்டிக்கொண்டு போனேன். கங்கப்பன், "அவ்வா, வாணாம் அவ்வா, உன் கால்ல உளுவறேன்" என்று கெஞ்சினான். அந்த ஒரேஸ்தே நல்ல உயரம், செம்பட்டை மீசை, நாற்பது வயதிருக்கும். காரிலிருந்து இறங்கினதும் கங்கப்பன் முன்னால் போய் 'போன்' என்றான். அவன் காத்திருந்தான். இவனும் காத்திருந்தான். மேளக்காரர்கள் நிறுத்திவிட்டார்கள். அந்த இடைவெளியில்தான் நான் புகுந்து மாலையைப் போட்டேன். எனக்குப் பின்னால் 'ஜோர்னோ' என்று கேட்டது.

அவன் குனிந்து பூவைப் பார்த்தான். முகம் சுண்ணாம்பாகிவிட்டது. பந்தலில் யாரோ பெரிதாக எழுதி ஒட்டியிருந்த பதினேழை நிமிர்ந்து பார்த்தான். இரண்டு கையாலும் எதையோ தேடினான். மூங்கிலைத் தொட்டான், விட்டான். வாழையைத் தொட்டான், விட்டான். "ஃபெர்ரோ! ஃபெர்ரோ!" என்று கத்தினான். நல்லுசாமி "தண்ணி, தண்ணி" என்றார். அழகர்சாமி சோடாவுக்கு ஓடினான். கங்கப்பன் மூளை அந்தப் பெண்பிள்ளையின் லைன் மாதிரி நின்றுவிட்டது. அந்தக் கூட்டத்தில் எனக்கு ஒருத்திக்குத்தான் விளங்கியது. இரும்பு கேட்கிறான். பயந்தவன் கையில் இரும்பைக் கொடுப்பது நமக்குத் தெரியாததா? நீ பிறந்தபோது காத்து கருப்பு அண்டாமல் உன் தலைமாட்டில் அம்மா எதை வைத்தாள்? என் இடுப்புச் சுருக்குப் பையிலிருந்து அதை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்து அழுத்தி மூடினேன். ஆமாம், அந்தப் பாக்குவெட்டிதான்.

அவனுக்கு மூச்சு வந்தது. என்னைப் பார்த்தான். ஏதோ சொன்னான், அது அறுபத்திரண்டில் இல்லை. பிறகு அதைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். நான் சும்மா விடவில்லை, உப்பும் மிளகாயும் சுற்றித் திருஷ்டியும் கழித்துத்தான் உள்ளே அனுப்பினேன். பன்னிரண்டு நாள் மெஷின் பொருத்தினான். தினமும் வேலை தொடங்குமுன் பையைத் தொட்டுக்கொள்வானாம். முதல் பாறை ஒரு விரிசல் இல்லாமல் பலகை பலகையாக வந்ததாம். கங்கப்பனை விட்டு நாலு தடவை கேட்கச் சொன்னேன். இவன் "நம்ம... ஃபெர்ரோ..." என்று இழுப்பான், அவன் சிரித்துக்கொண்டே பையைத் தட்டிக் காட்டுவான். வந்த விருந்தாளியின் கால்சட்டையில் கை விட்டா எடுக்க முடியும்? இருபத்தொன்பதாம் தேதி பெங்களூரில் விமானம் ஏறினான். நம் அம்மாவின் பாக்குவெட்டியும் ஏறிவிட்டது.

இதுதான் விவரம். முப்பது வருடமாக அம்மாவின் சாமான் ஆண் பிள்ளைக்குத்தான் சேர வேண்டும் என்று அந்தப் பாக்குவெட்டியைக் கேட்டுக்கொண்டிருந்தாயே, இனி இத்தாலிக்குப் போய்க் கேள். நான் பத்தொன்பது நாளாகக் கொட்டைப் பாக்கைப் பல்லால் கடிக்கிறேன், இருப்பதே ஆறு பல்.

யாரைக் கூப்பிட்டுக்கொள்கிறேன் என்று போய்த் தகவல் சொல்கிறேன் என்றானாம். சொல்வதற்கு என்ன இருக்கிறது? பிணத்துக்குப் போடுகிற மாலையைப் போட்ட வீட்டுப் பையனையா கூப்பிடுவான்? நல்லுசாமி எல்லார் முன்னிலும், "உங்க அவ்வாவாலதான் கெட்டுச்சு" என்று கங்கப்பனிடம் சொல்லிவிட்டார். அழகர்சாமி பெங்களூர் போய் ஸ்வெட்டர் வாங்கி வந்துவிட்டான், பவளம் அதை எங்கள் பக்கத்துக் கொடியில்தான் காயப்போடுகிறாள், புது ஸ்வெட்டரை எதற்குத் துவைக்க வேண்டும்? கங்கப்பன் என்னைத் திட்டினால்கூடப் பரவாயில்லை. திட்டவில்லை. தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போகிறான். காலையில் ஒரு வார்த்தைகூட என்னிடம் கேட்பதில்லை. அறுபத்திரண்டும் என் வாயிலேயே கிடக்கிறது. என் மேல் தப்பு இருக்கிறதென்று எழுதினால் நீ இந்தக் கடிதத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டுவாய், அதனால் எழுத மாட்டேன். ஆனால் நீ அந்தப் பந்தியில் அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால் இவ்வளவும் நடந்திருக்காது.

ஆகவே கேட்கிறேன். பையன் ஃபாரின் போக மாட்டான். இங்கேயே கல் அறுப்பான், சம்பளம் கொண்டு வருவான், குடிக்க மாட்டான், சாந்தம்மாவைக் கண்ணில் வைத்துப் பார்த்துக்கொள்வான். அவளுக்கும் இவன்மேல் பிரியம் என்று எனக்குத் தெரியும், திருவிழாவில் அவள் இவனுக்கு மட்டும் இரண்டு முறுக்கு கொடுத்ததைப் பார்த்தேன். அக்காள் உன்னிடம் இதற்கு முன் ஒரே ஒரு தடவைதான் கேட்டிருக்கிறேன். இது இரண்டாவது. கொடுக்கிறேன் என்றோ, கொடுக்க மாட்டேன் என்றோ எழுது. பார்க்கலாம் என்று மட்டும் எழுதாதே. எழுதினால் உன் வாசலை நான் மிதிக்கப் போவதில்லை, என் காரியத்துக்கும் நீ வர வேண்டாம்.

உன் பிள்ளைகுட்டிகள், ஆடு மாடு, கேழ்வரகு எல்லாம் நன்றாக இருக்கட்டும். உன் பெண்டாட்டியின் முழங்காலும் நன்றாக இருக்கட்டும், அவள் நான் சொன்னதைக் கேட்காவிட்டாலும்.

இப்படிக்கு,
உன் சிலேட்டை அல்ல, தன் சிலேட்டை இழந்த அக்காள்,
சென்னம்மா

பின்குறிப்பு: இதை எழுதிய ஞாயிறு தபாலாபீஸ் கிடையாது. திங்கள் பூப் பறிப்பு. செவ்வாய் நல்ல காரியத்துக்கு ஆகாது, அது இத்தாலிக்கும் ஆகாதாம், இப்போது தெரிந்துகொண்டேன். இன்று புதன். காலையில் சுடலைமுத்து கையில் ஒரு காகிதத்தோடு மூச்சிரைக்க வந்தார். "ஆச்சி, ஒங்களுக்கு இத்தாலியில இருந்து கடுதாசி, பொட்டியில வந்திருக்கு" என்றார். கம்பெனிக்குப் பெட்டி கிடையாது, அதனால் இவர் கடைக்குத்தான் வந்ததாம். பாதி இங்கிலீஷ், பாதி இத்தாலி. இங்கிலீஷைக் கங்கப்பன் படித்தான், இத்தாலியை நான் சொன்னேன். இரண்டு ஃபிட்டரும் கெட்டிக்காரர்கள், யாரை அழைப்பதென்று தெரியாமல் தன் தாயாரிடம் கேட்டானாம். அந்தத் தாயார் பாக்குவெட்டியைப் பார்த்துவிட்டு, "அடுத்த வீட்டு இரும்பைத் தபாலில் அனுப்பினால் உறவு அறுந்துவிடும், கொடுத்த வீட்டு ஆளே வந்து கையால் வாங்கிக்கொண்டு போக வேண்டும்" என்று சொல்லிவிட்டாளாம். அதனால் கங்கப்பன் கார்த்திகையில் புறப்படுகிறான். அந்த அம்மாவுக்கு என்ன வயதென்று தெரியவில்லை, ஆனால் எனக்கு உன்னைவிடப் பக்கத்து உறவு.

கங்கப்பன் என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான், இடுப்பு பிடித்துக்கொண்டது. அழகர்சாமி அந்த ஸ்வெட்டரைக் கொண்டுவந்து, "அங்கன குளிரும்டா, போட்டுக்க" என்று இவனிடமே கொடுத்துவிட்டான். அதற்காகப் பவளத்தை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. இரண்டு முழம் சாமந்தி கொடுத்தனுப்பினேன், அவ்வளவுதான். வைத்துக்கொண்டாள்.

அவன் ஆறு மாதம் பழகி முடித்து வரும்போது பாக்குவெட்டியும் திரும்பி வந்துவிடும். அப்போதும் அது என்னுடையதுதான். பையன் இப்போது ஃபாரின் போகிறவன், தளியிலிருந்தும் கெலமங்கலத்திலிருந்தும் இன்றைக்கே இரண்டு பேர் ஜாதகம் கேட்டு வந்துவிட்டார்கள். நீயும் சாந்தம்மா விஷயமாகக் கேட்டு வருவதானால் வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வா, அவளையும் கூட்டிக்கொண்டு வா, உன் பெண்டாட்டிக்கு எருக்கிலை பறித்து வைத்திருக்கிறேன். வந்து, பந்தியில் உட்கார்ந்தபடி சொன்னதுபோல் இல்லாமல், எழுந்து நின்று கேள். என் பதிலை இப்போதே எழுதிவிடுகிறேன்.

பார்க்கலாம்.